தண்ணீர் தேங்கிய வயலில் பயிர் வாடுகிறதா? வேரிலிருந்து தொடங்குங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்து வடிவாய்க்கால் நிரம்பிவிட்டால், டெல்டா பக்கத்திலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "பயிர் மஞ்சளா நிக்குது, என்ன அடிக்கலாம்?" "செடி தண்ணியிலதான் நிக்குது, ஆனா வாடுது, என்ன அடிக்கலாம்?" கேள்வி எதுவாக இருந்தாலும் அடிப்பதில்தான் முடியும். வேர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுகிறவர் அபூர்வம்.

தண்ணீர் தேங்கிய வயலில் இலையில் தெரிவது பெரும்பாலும் வேர் சொல்லி அனுப்பிய சேதி. சேதியைச் சுமப்பவை ஹார்மோன்கள்: எத்திலீன், அப்சிசிக் அமிலம், ஜிப்ரலின், ஆக்சின். வேர் எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்ற கணக்கிலும் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கணக்கு வேருக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து ஒரு ஹார்மோன் பாட்டிலைத் தெளித்தால் சில நேரம் உதவும், பல நேரம் கெடுக்கும். அதனால் முதலில் தண்ணீரை வடியுங்கள், அடுத்து வேரைப் பாருங்கள், பிறகு அறிகுறியைப் பாருங்கள். பாட்டில் கடைசி.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

வரப்போரச் செடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே தண்ணீர் சீக்கிரம் வடிந்திருக்கும், வயலின் நிலைமை தெரியாது. பள்ளமான மூலையில் இரண்டு மூன்று செடி, மேட்டில் ஒன்று எடுங்கள். கையால் இழுத்தால் சல்லி வேர் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள்.

வேர் வெள்ளையாக, நசுக்கினால் உறுதியாக இருக்கிறதா? வேர் உயிரோடு இருக்கிறது. இலையில் தெரிவது ஹார்மோன் வேலை, பெரும்பாலும் திரும்பி வரும்.

நெல் வேர் செம்பழுப்பாக, துரு படிந்தது போல் இருக்கிறதா? பயப்பட வேண்டாம். வேர் வெளியே விடும் ஆக்சிஜன் பட்டு மண்ணிலுள்ள இரும்பு படிந்த நிறம் அது. நல்ல வேர்.

வேரின் மேல்தோலை இரண்டு விரலால் பிடித்து உருவினால் தோல் கழன்று உள்ளே நூல் மாதிரி நார் மட்டும் நிற்கிறதா? அழுகல். அந்த வேர் திரும்பாது. புது வேர் வருகிறதா என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

வேர் கறுத்து, கூமுட்டை நாற்றம் அடிக்கிறதா? அதற்குக் கீழே தனித் தலைப்பு இருக்கிறது, நேராக அங்கே போங்கள்.

அடுத்தது வடிகால். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மண்ணுக்குள் மிச்சம் இருந்ததை வேரும் நுண்ணுயிரும் ஒன்றிரண்டு நாளில் தின்று தீர்த்துவிடும். மடையைத் திறந்தும் தண்ணீர் போகவில்லை என்றால் சிக்கல் உங்கள் வயலில் இல்லை. வடிவாய்க்காலில் ஆகாயத்தாமரையோ காட்டாமணக்கோ அடைத்திருக்கும். நாலு பேர் சேர்ந்து அரை நாள் வெட்டினால் போகும். அதைச் செய்யாமல் மருந்துக்குக் கொடுக்கும் பணம் தண்ணீரில்தான் போகும், வேறெங்கே போகப் போகிறது.

அறிகுறி 1: காலடியில் தண்ணீர், ஆனாலும் செடி வாடுகிறது

தக்காளி, மிளகாய், கத்தரி, புகையிலை. மதியம் வெயில் வந்ததும் இலை துவண்டு தொங்கும். "தண்ணி பத்தலையோ" என்று இன்னும் பாய்ச்சுகிறவர்களும் உண்டு.

வேர் செல்லின் சவ்வில் தண்ணீர் புகுவதற்கென்றே அக்வாபோரின் என்ற புரதங்கள் இருக்கின்றன, நுண்ணிய மதகுகள். ஆக்சிஜன் இல்லாமல் செல்லுக்குள் அமிலம் கூடும்போது அவை மூடிக்கொள்கின்றன. 2003இல் அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில் இதைக் காட்டினார்கள். மதகு மூடிவிட்டதால் வெளியே எவ்வளவு தண்ணீர் நின்றும் பயனில்லை. இலையில் அப்சிசிக் அமிலம் கூடி இலைத்துளைகளும் மூடும். அது நல்லதற்கே, செடி இருக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

சரி, எதை எந்த வரிசையில் பார்ப்பது?

சாயங்காலம் நிமிர்கிறதா என்று பாருங்கள். வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்து, வேரும் வெள்ளையாக இருந்தால் மதகு மூடியது மட்டும்தான் விஷயம். தண்ணீரை வடித்து, பாருக்கு இடையில் மண்வெட்டியால் ஒரு கீறல் போட்டு காற்றுப் புக வழி செய்யுங்கள். வேறொன்றும் வேண்டாம். காசும் செலவில்லை.

சாயங்காலமும் நிமிரவில்லை, வேர்த்தோல் கழன்று வருகிறது என்றால் பூஞ்சை அழுகல் சேர்ந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்துத் தூரில் ஊற்றுங்கள். தண்ணீர் நிற்கும்போது ஊற்றினால் கரைந்து அடுத்தவர் வயலுக்குப் போகும்.

இலை பச்சையாக இருக்கும்போதே செடி ஒரேயடியாகத் தொங்கிவிட்டதா? பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். இதற்கு ஒரு சோதனை, யாரும் செய்யலாம். தரைக்குச் சற்று மேலே தண்டை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, தண்டின் அடி வெட்டுமுனை மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து பால் கலந்த நூல் போல ஒன்று கீழே இறங்கினால் அதுதான் நோய். பின்னால் ஒரு கறுப்புத் துணியோ போன் திரையோ வைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும். இதைக் குணமாக்க மருந்து இல்லை. செடியை வேரோடு எடுத்து எரியுங்கள், அந்தப் பாரிலிருந்து அடுத்த பாருக்குத் தண்ணீர் விடாதீர்கள், அடுத்த போகத்துக்கு அதே இடத்தில் தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வேண்டாம். பால்நூல் தெரிந்துவிட்டால் உங்கள் உதவி வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலருக்குச் சொல்லிவிடுங்கள், பக்கத்து வயல்காரர் தலையையும் காப்பாற்றலாம்.

அறிகுறி 2: இலை கீழ்நோக்கி வளைந்திருக்கிறது, ஆனால் துவளவில்லை

முதல் அறிகுறியோடு குழப்பிக்கொள்வது இதைத்தான், தக்காளியில் அதிகம். தண்ணீர் தேங்கிய ஓரிரு நாளில் இலைக்காம்பு குடைக்கம்பி மடங்கியது போல் கீழே வளைந்திருக்கும். காம்பைத் தொட்டுப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் வாடல் இல்லை. மேற்புறம் வேகமாக வளர்ந்ததால் வந்த வளைவு.

இது எத்திலீன் வேலை. எத்திலீனுக்கு முந்தைய பொருளை வேர் ஆக்சிஜன் இல்லாமலே செய்துவிடும், ஆனால் அதை எத்திலீனாக மாற்ற ஆக்சிஜன் வேண்டும். அதனால் அந்த அரைகுறைச் சரக்கு தண்டு வழியே மேலே ஏறி, காற்றுள்ள இலையில் போய் எத்திலீன் ஆகிறது. 1980இல் தக்காளியை வைத்துத்தான் இதை விளக்கினார்கள்.

செய்ய வேண்டியது வடிப்பது, காத்திருப்பது. வளைந்த பழைய இலை முழுதாக நிமிராமலே இருக்கலாம், புது இலை நேராக வந்தால் போதும். ஒரு வாரமாகியும் குருத்திலேயே வளைவும் சுருட்டும் இருந்தால் அது தண்ணீரால் வந்ததில்லை. பக்கத்து வயலில் அடித்த 2,4-டி களைக்கொல்லி காற்றில் வந்திருக்கலாம், அல்லது இலைச்சுருட்டு வைரஸ். அப்போது ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 3: மஞ்சள்

எந்த இலை மஞ்சள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அடி இலை மஞ்சள், குருத்து பச்சை: தழைச்சத்துக் குறை. தேங்கிய தண்ணீரில் நைட்ரேட் காற்றாகிப் போய்விடும், மிச்சம் கரைந்து கீழே இறங்கும். இருப்பதைக் குருத்துக்கு அனுப்பிவிட்டு அடி இலை மஞ்சளாகிறது, எத்திலீனும் அதை வேகப்படுத்துகிறது. இங்கேதான் அவசரப்பட்டு யூரியா வீசுவார்கள். தண்ணீர் நிற்கும்போது வீசிய யூரியா உங்களுக்கு இல்லை. தண்ணீர் வடிந்து, புது வெள்ளை வேர் எட்டிப்பார்த்த பிறகு நெல்லுக்கு வேளாண்துறை சொல்லும் கலவை சரியாக வேலை செய்கிறது: ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுவது. வேர் இன்னும் தேறவில்லை, ஆனால் காத்திருக்கவும் முடியவில்லை என்றால் இலைவழி கொடுங்கள். வேரைத் தொந்தரவு செய்யாத வழி அது.

குருத்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இரும்புச்சத்து எடுக்க முடியவில்லை. சுண்ணாம்பு மண்ணில் போட்ட நிலக்கடலையில் மழைக்குப் பின் வரும். 1 சதவீத அன்னபேதியுடன் (இரும்பு சல்பேட்) 0.1 சதவீத சிட்ரிக் அமிலம் கலந்து தெளித்தால் பச்சை திரும்பும்.

நெல்லில் துருப்புள்ளி: இரண்டு காரணம், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பயிர் குட்டையாகத் திட்டுத் திட்டாக நின்று, இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளுத்திருந்தால் துத்தநாகக் குறை. 1 கிலோ துத்தநாக சல்பேட், 2 கிலோ யூரியா, 200 லிட்டர் தண்ணீர், ஒரு ஏக்கருக்குக் கலந்து தெளியுங்கள். அடி இலையின் நுனியிலிருந்து பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளி தொடங்கி இலையே வெண்கல நிறம் ஆனால் இரும்பு மிஞ்சிய நஞ்சு. தெளிப்பதில் பெரிய பயன் இல்லை, தண்ணீரை வடித்து மண்ணைக் காயவிட்டுப் பொட்டாஷ் கொடுங்கள். எது என்று பிடிபடவில்லை என்றால் மண்ணையும் இலையையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள், ஊகித்து இரண்டையும் அடிக்காதீர்கள்.

அறிகுறி 4: நெல் மூழ்கி எழுந்தது, நெட்டையாக மெலிந்து சாய்கிறது

இதில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் பெரிய இழப்பும் இங்கேதான், பெரிய தவறும் இங்கேதான்.

முழுக்க மூழ்கிய நெல்லுக்குள் எத்திலீன் வெளியேற வழியின்றிச் சேர்கிறது. அது அப்சிசிக் அமிலத்தைக் குறைக்கிறது, ஜிப்ரலினின் கை ஓங்குகிறது. பயிர் மூச்சுக்காகத் தலையை வெளியே நீட்ட நெட்டுக்கு வளர்கிறது. தாய்லாந்து, வங்கதேசத்தின் ஆழ்நீர் நெல்லுக்கு இது பிழைப்பு, ஒரு நாளைக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் வரைகூட உயரும். நம்முடைய குட்டை ரகத்துக்கு இதுவே எமன். சேமித்த மாவுச்சத்தை எல்லாம் வளர்ச்சியில் செலவழித்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் படுத்துவிடும்.

ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய ரகம் இதற்கு நேரெதிர். மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, இருப்பைக் காத்துக்கொண்டு கிடக்கும். அதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006இல் கண்டறிந்தார்கள். அது ஜிப்ரலினுக்குக் கடிவாளம் போடும் புரதங்களைக் கூட்டுகிறது என்று 2008இல் தெரிந்தது. அந்த மரபணு ஏறிய சுவர்ணா சப்1 இந்தியாவில் 2009இல் வந்தது, நம் பக்கம் சி.ஆர்.1009 சப்1 புழக்கத்தில் இருக்கிறது. சாதாரண ரகம் ஒரு வாரம் மூழ்கினாலே தள்ளாடும். சப்1 ரகம் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். கலங்கல் தண்ணீராக, வெதுவெதுப்பாக இருந்தால் இரண்டு கணக்கிலும் சில நாள் குறைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கும் முறை: தூரை எடுத்து, அடித்தண்டை நகத்தால் நீளவாக்கில் பிளங்கள். உள்ளே குருத்தின் அடி வெள்ளையாக, நறுக்கென்று இருந்தால் பயிர் இருக்கிறது. பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தால் அந்தத் தூர் போய்விட்டது. இலை எல்லாம் அழுகிச் சேறு பூசியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இலை செத்தும் தூர் பிழைத்த வயல்கள் உண்டு.

தூர் இருக்கிறதா? ஒரே நாளில் வயலை வறள விடாதீர்கள். தண்ணீருக்குள் இருந்த இலைக்கு வெயில் தாங்காது. இரண்டு விரல் ஆழம் தண்ணீர் நிறுத்தி, இரண்டு மூன்று நாள் கழித்து முழுக்க வடியுங்கள். ஒரு வாரத்தில் புது இலை வந்தால் மேலே சொன்ன உரக்கலவை.

இடையிடையே செத்திருக்கிறதா? நன்றாகத் தூர் கட்டிய குத்தைப் பிரித்து, வெற்றிடத்தில் நடுங்கள். நாற்றுக்கு அலைவதைவிட மேல், வயசும் ஒத்துப்போகும்.

பாதிக்கு மேல் போய்விட்டதா? மறுநடவா, குறுகிய வயது ரகமா, பயறுக்குப் போவதா என்பது உங்கள் மீதி நீர்வரத்தையும் பட்டத்தையும் பொறுத்த முடிவு. இதில் வேளாண் அறிவியல் நிலையத்தை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெரிய தவறு என்றேன் அல்லவா? மூழ்கி எழுந்த நெல் சோர்ந்து நிற்கிறது என்று ஜிப்ரலிக் அமிலம் கலந்த வளர்ச்சி ஊக்கியைத் தெளிப்பது. எந்த ஹார்மோன் அதைக் கொன்றதோ அதையே மேலும் ஊற்றுகிறீர்கள். மூழ்கும் நெல்லுக்கு ஜிப்ரலின் கொடுத்தால் சாவு கூடுகிறது, ஜிப்ரலின் உற்பத்தியைத் தடுத்தால் பிழைப்பு கூடுகிறது என்பது பரிசோதனையில் பார்த்த விஷயம்.

அறிகுறி 5: கறுத்த வேர், கூமுட்டை நாற்றம்

ஆக்சிஜன் தீர்ந்து நாள் பல ஆகிவிட்டது. மண்ணில் உருவான சல்ஃபைடு இரும்போடு சேர்ந்து வேரைக் கறுப்பாக்குகிறது. காரணம், எளியதிலிருந்து: வடிகால் இல்லை, மட்காத தழை, வைக்கோலை மடக்கி உழுது உடனே தண்ணீர் கட்டியது, அம்மோனியம் சல்பேட்டைத் தொடர்ந்து போட்டது.

வடியுங்கள், மண்ணில் முடி போன்ற மெல்லிய வெடிப்பு தெரியும்வரை காயவிடுங்கள், பிறகு தண்ணீர் கட்டுங்கள். எடுத்த வேரைக் காற்றில் வைத்தால் சற்று நேரத்தில் கறுப்பு வெளுத்துச் செம்பழுப்பாகும். அப்படி மாறினால் வேர் மீளும். மாறவே இல்லை, தோலும் கழன்று வருகிறது என்றால் அறிகுறி 1இல் சொன்ன அழுகல்தான்.

அறிகுறி 6: பருத்தியில் சப்பை (மொட்டு), பூ, காய் உதிர்கிறது

பெரம்பலூர் பக்கத்துக் கரிசலில் மழைக்குப் பின் தவறாமல் கேட்கும் புலம்பல். உளுந்துப் பூவும் இப்படித்தான் கொட்டும். எத்திலீன் கூடும்போது காம்படியில் உதிர்வுத்தளம் உருவாகிறது, செல்சுவரைக் கரைக்கும் நொதிகள் அங்கே வேலை செய்து காம்பைக் கழற்றிவிடுகின்றன. ஆக்சின் இதைத் தடுத்து நிறுத்தும்.

உதிர்ந்த சப்பையைப் பொறுக்கிப் பாருங்கள். ஓட்டை இருந்தால் புழு, வேறு கதை. ஓட்டை இல்லை, காம்பு சுத்தமாகக் கழன்றிருக்கிறது என்றால் எத்திலீன்.

பாட்டில் நியாயமாகப் பயன்படும் ஒரே இடம் இதுதான் என்பேன். என்.ஏ.ஏ. என்ற செயற்கை ஆக்சின் 40 பிபிஎம் பருத்திக்குப் பரிந்துரையில் இருப்பது. கடையில் கிடைக்கும் 4.5 சதவீதக் கரைசல் என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 9 மில்லி. மூடியில் கண்ணளவாக ஊற்றாதீர்கள், ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். அளவு மிஞ்சினால் ஆக்சினே எத்திலீன் உற்பத்தியைத் தூண்டும், நிறுத்தப் போய் உதிர்த்தவர் ஆவீர்கள். தண்ணீர் வடிந்த பிறகுதான் தெளிக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் பருத்தி பிளஸ், உளுந்துக்குப் பயறு ஒண்டர் இரண்டிலும் ஊட்டமும் வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்தே இருப்பதால், அவற்றை அடித்தவர் கூடவே என்.ஏ.ஏ.வையும் அடிக்க வேண்டாம்.

அறிகுறி 7: மக்காச்சோளத்தின் அடிக்கணுவில் புது வேர் முளைக்கிறது

இது பழுதே இல்லை. எத்திலீனும் ஆக்சினும் சேர்ந்து, போன வேருக்குப் பதில் வேர் விடுகின்றன. உள்ளே காற்றறைகளோடு வருவதால் இது பழைய வேரைவிடத் தாங்கும். அசிங்கமாக இருக்கிறதென்று சீவாதீர்கள், தண்ணீர் வடிந்ததும் மண் அணையுங்கள்.

மக்காச்சோள வேரில் இன்னொன்று. ஆக்சிஜன் போனதும் அது வழக்கமான புரத உற்பத்தியை நிறுத்திவிட்டுச் சுமார் 20 புரதங்களை மட்டும் செய்யத் தொடங்குகிறது என்று 1980இலேயே கண்டார்கள். பெரும்பாலும் சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் எரிக்கும் நொதிகள், ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் அதில் முக்கியமானது. அவற்றைச் செய்ய வேருக்குச் சில மணி நேரம் வேண்டும். தண்ணீர் மெல்ல ஏறிய வயல் பிழைப்பதும், ஒரே இரவில் மடை உடைந்து மூழ்கிய வயல் படுப்பதும் இதனால்தான். இரண்டாவது வகை உங்களுடையது என்றால் வடிப்பதில் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

அறிகுறி 8: விதைத்தது முளைக்கவில்லை

நேரடி விதைப்பில் நாகை, திருவாரூர் பக்கம் அடிக்கடி. மண்ணைக் கிளறிப் பத்துப் பதினைந்து விதை எடுங்கள். நெல்லில் வெள்ளை முளைக்குச்சி மட்டும் நீண்டு வேரே இல்லை என்றால் விதை உயிரோடுதான் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் நெல் குருத்துறை என்ற அந்த முளைக்குச்சியை மட்டும் நீட்டும், வேரை நிறுத்தி வைக்கும். இன்றைக்கே வடித்தால் வேர் வரும். நசுக்கினால் பால்போல் கொழகொழவென்று பிதுங்கி நாறினால் போயிற்று. எடுத்ததில் பாதிக்கு மேல் அப்படி என்றால் மறுவிதைப்பு. உளுந்து, சோயா, நிலக்கடலைக்கு நெல்லின் இந்தச் சாமர்த்தியம் கிடையாது. தண்ணீர் நின்றது இரண்டு நாள் தாண்டியிருந்தால் புது விதையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 9: டானிக் அடித்த பிறகு மோசமாகிவிட்டது

பாட்டிலைத் திருப்பி, பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருளைப் படியுங்கள்.

ஜிப்ரலிக் அமிலம்: மூழ்கிய நெல்லுக்கு ஏன் கூடாது என்று சொல்லியாயிற்று. அடித்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. யூரியாவை நிறுத்தி வைத்து, சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தரல், அதாவது எத்தெஃபான்: செடிக்குள் போய் எத்திலீனாக உடையும் பொருள். ஏற்கெனவே எத்திலீனில் தத்தளிக்கும் பயிருக்கு இதை அடித்தால் இலையும் பூவும் ஒன்றாகக் கொட்டும்.

குளோர்மெக்வாட், பக்லோபியூட்ரசோல்: ஜிப்ரலினைத் தடுப்பவை. "அப்போ மூழ்கற நெல்லுக்கு இதை அடிக்கலாமா?" என்று கேட்பீர்கள். வெள்ளத்துக்கு முன்னால் கொடுத்துப் பார்த்த பரிசோதனையை, வடிந்த பிறகு தேற வேண்டிய பயிருக்குப் பொருத்த முடியாது. அப்போது அதற்கு வளர்ச்சிதான் தேவை. பக்லோபியூட்ரசோல் மண்ணிலும் நெடுநாள் நிற்கும், அடுத்த போகமும் குட்டையாக நிற்கும்.

அப்சிசிக் அமிலம் பற்றியும் சிலர் படித்துவிட்டுக் கேட்கிறார்கள். ஜப்பானில் நெல்வயலை மாற்றிச் சோயா போடுகிறார்கள், விதைக்கும் பருவமும் மழைக்காலமும் மோதுகின்றன. அங்கே சுகுபாவில் சேட்சுகோ கோமட்சுவின் குழு வெள்ளத்தில் நின்ற சோயா நாற்றுகளின் புரதங்களை வருடக்கணக்காக அலசியது. அப்சிசிக் அமிலம் கொடுத்த நாற்றுகளில் பிழைத்தவை கூடின, புரதங்களின் அளவும் மாறியது. நல்ல ஆராய்ச்சி. ஆனால் அது ஆய்வகத்தில், சில நாள் வயதான நாற்றில், அளந்து கொடுத்தது. நம் வயலில் வேலை செய்யும் என்று யாராவது பாட்டிலை நீட்டினால், எந்தப் பயிரில், எந்த வயலில் பார்த்தது என்று கேளுங்கள். பதில் வராது.

எதை அடித்தோம் என்றே தெரியவில்லை, இலை கருகிக்கொண்டு போகிறது என்றால் பாட்டிலும் பில்லும் கையிலிருக்க அலுவலரைக் கூப்பிடுங்கள். மேலே இன்னொன்றை அடித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

ஆளைக் கூப்பிடும் முன்

சோதனையில் பால்நூல் தெரிந்த வயல், பாதிக்கு மேல் தூர் போன நெல், வடித்து ஒரு வாரமாகியும் புது வெள்ளை வேர் ஒன்றுகூட வராத எந்தப் பயிரும்: இந்த மூன்றுக்கும் தாமதம் வேண்டாம். செடியைக் காட்டப் போகிறீர்கள் என்றால் வேர் மண்ணோடு ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வண்டியில் தொங்கவிட்டால், போய்ச் சேருவதற்குள் இல்லாத அழுகலும் வந்துவிடும். நல்ல செடி ஒன்றும் கூடவே வேண்டும், ஒப்பிட. தண்ணீர் என்றைக்கு ஏறியது, என்றைக்கு வடிந்தது, என்ன உரம் எப்போது என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாவிட்டால் கிசான் அழைப்பு மையம், 1800-180-1551, தமிழிலேயே பேசுவார்கள்.

பயிர்க் காப்பீடு செய்திருந்தால் வைத்தியத்துக்கு முன்னாலேயே ஒரு வேலை இருக்கிறது. உள்ளூர்ப் பேரிடர் இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் பயிருக்கு வெள்ளத் தேக்கம் அதில் வருமா என்பதைக் காப்பீட்டு ரசீதோடு போய் வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தண்ணீர் நிற்கும்போதே போட்டோ எடுங்கள், வடித்த பிறகு எடுத்த போட்டோவில் வெறும் மஞ்சள் பயிர்தான் தெரியும். அடங்கல் கையில் இல்லையென்றால் அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிவிடுங்கள். மழை விட்ட மறுநாள் அங்கே ஊரே நிற்கும்.